நான் நடந்ததாகச் சொன்ன வழி

டிசம்பர் இருபத்துநான்கு, பிற்பகல் மூன்று நாற்பது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அந்த நிமிடத்தில்தான் ஓசூரிலிருந்து என் கணவரின் குறுஞ்செய்தி வந்தது. ஷிப்ட் முடியத் தாமதமாகும், பூசைக்கு நேராகக் கோயிலுக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக்கொண்டே, போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், என் மகளை ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாம் கெட்டது அங்கேதான்.

நாங்கள் அப்போது என் அண்ணன் வீட்டில் இருந்தோம். பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் சாலையில் இறங்கி உள்ளே போனால் வரும் சின்ன ஊர். நான் பிறந்து வளர்ந்தது அங்கே. எங்கள் ஆட்கள்தான் அதிகம். எல்லோரும் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள். இப்போது பாதிப் பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். நான் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருடத்தில் மற்ற நாட்களில் ஊருக்குப் போக நேரம் கிடைக்காவிட்டாலும் கிறிஸ்மஸுக்குப் போய்விடுவேன்.

ஊரில் ஒரு சின்னக் கோயில் உண்டு. ஆனால் நடுச்சாமப் பூசை அங்கே நடக்காது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்குக் கோயிலில்தான் நடக்கும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம். எங்கள் கோயில் குடிலில் வைக்கும் குழந்தை ஏசு சொரூபத்தை இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் பங்குக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற ஊர்ச் சொரூபங்களோடு அதுவும் பீடத்தில் இருக்கும். பூசை முடிந்து மந்திரித்த பிறகு திரும்ப எடுத்துவந்து எங்கள் குடிலில் வைப்போம். அதுவரை குடிலில் வைக்கோல் மட்டும் இருக்கும். சொரூபத்தைத் தூக்கிப் போவது ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர். வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. முன்பு மலை வழியாக நடந்து போனார்கள். இப்போது தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டு காரில் போகிறோம்.

இந்த முறை என் மகள்தான் தூக்க வேண்டும் என்று எங்கள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சொல்லியிருந்தார். அவளுக்குப் பதின்மூன்று வயது. மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணன் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் போய்க் கேட்டாள்:

“மாமா, சாயங்காலம் ஏசி போடுவீங்கதானே? போன வருசம் போடவே இல்ல. எனக்கு வாந்தி வந்துடுச்சு.”

இதற்குத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“ஏசி கேக்குது மகாராணிக்கு! உன் வயசுல நான் இதே சொரூபத்தத் தூக்கிக்கிட்டு தனியா மலை ஏறி எறங்கி நடந்தே போனேன். கையில போன் கெடையாது, கால்ல செருப்பு கெடையாது. நீ மடியில வெச்சுக்கிட்டு உக்காந்து போறதுக்கே உனக்கு ஏசி. உங்களுக்கெல்லாம் கிறிஸ்மஸ்னா என்னன்னே தெரியாதுடி. கேக்கும் செல்பியும்தான்.”

அண்ணன் காரைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மகள் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கோபித்துக்கொண்டு அறைக்குள் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“எந்த வழிம்மா?”

“பெரிய புளியமரம் தாண்டி ஒத்தையடிப் பாதை போவும். அதுல ஏறணும்.”

“பயமா இல்லியா?”

“எதுக்குப் பயம்? கையில ஏசு இருக்கார்ல?”

“தண்ணி தாகம் எடுத்தா?”

“ஓடை இருக்குது. கையால அள்ளிக் குடிச்சேன். அவ்ளோ இனிப்பா இருக்கும் அந்தத் தண்ணி.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு பாறை. சுண்ணாம்புல சிலுவை போட்டிருக்கும். அந்தப் பாறைகிட்ட நின்னு பாத்தா கோயில் கோபுரம் தெரியும். அவ்ளோதான்.”

அவள் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகமாக இருந்தது. என் பேச்சை இப்படி உட்கார்ந்து கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அந்த வழியில் நடந்ததே இல்லை.

இதை இங்கேயே எழுதிவிடுவது நல்லது. பன்னிரண்டு வயதில் என் கையில் சொரூபத்தைக் கொடுத்தார்கள், அது உண்மை. ஊர் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் வந்தது, அதுவும் உண்மை. ஊர் எல்லையில், மலை ஆரம்பிக்கும் இடத்தில், எனக்குக் கால் வலித்தது. வலித்ததா, பயமா, இப்போது தெரியவில்லை. அழுதேன். அந்த நேரம் பார்த்துப் பால் ஏற்றும் வேன் வந்தது. எல்லோரும் ஏறிக்கொண்டோம். என்னை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாருமே நடந்து போகவில்லை. எங்களுக்கு முந்தின அக்காமார்கள்தான் நடந்தவர்கள். புளியமரமும் பாறையும் அவர்கள் சொல்லி எனக்குத் தெரியும்.

கல்யாணமாகித் தர்மபுரி வந்த புதிதில், அக்காமார்கள் அப்படிப் போனார்கள் என்றுதான் கணவரிடம் சொன்னேன். மகள் பிறந்து அவளுக்கு விவரம் தெரிந்தபோது, நாங்கள் அப்படிப் போனோம் என்று ஆகியிருந்தது. எப்போது நான் போனேன் என்று மாறியது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அனேகமாக அவளுக்கு முதல் டேப்லெட் வாங்கிக்கொடுத்த வருடமாக இருக்கும். ஓடையைச் சேர்த்தது மட்டும் நினைவிருக்கிறது. நான்கைந்து வருடங்களுக்கு முன், பரிசோதனைக்கூடத்தில் டிசம்பர் மாத மதியச் சாப்பாட்டின்போது கூட வேலை பார்க்கும் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி தண்ணி பாட்டிலைத் திறந்தாள். எனக்கு ஓடை வந்துவிட்டது.

சின்ன வயதுக் கிறிஸ்மஸ் மீது எனக்கு உண்மையாகவே ஏக்கம் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கின் சீறல், புதுப் பாவாடையின் கஞ்சி வாசனை, குடிலுக்குத் தட்டில் முளைக்கவைத்த கேழ்வரகு நாற்று. இதெல்லாம் நான் பார்த்தது, தொட்டது. இதை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் இதைச் சொன்னால் மகள், “சூப்பர்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவளைத் தலைகுனிய வைக்க இது போதவில்லை. மலை தேவைப்பட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் தன் கையால் நட்சத்திரம் வெட்டி ஒட்டுவாள், பள்ளித் தோழிகளுக்குப் பெயர் போட்டு வாழ்த்து அட்டை வரைவாள், எங்கள் தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்துத் துணி மூடி எடுத்துப் போவாள். அது அவளுடைய கிறிஸ்மஸ். அதன் முன்னால் நான் என்னுடையதை ஒரு பிரம்பைப் போல நீட்டிக்கொண்டே இருந்தேன்.

பேச்சு முடிந்ததும் அவள் எழுந்து போனாள். நான் அடுப்படிக்குப் போய் அண்ணியோடு முறுக்குப் பிழிய உட்கார்ந்தேன். அங்கேயும் அதே பேச்சுத்தான். அந்தக் காலத்தில் உலக்கையில் இடித்த மாவு, இப்போது பாக்கெட் மாவு. நான் அப்படிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என் மகள் சின்னக் கோயிலுக்குப் போய் உபதேசியாரிடம் சொரூபத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காரில் ஏறத்தான் கேட்கிறாள் என்று அவரும் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் புறப்படக் கூப்பிட்டபோது அவள் இல்லை. குளிக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் கோலம் போடுகிறாள் என்று அண்ணி நினைத்திருந்தார். கூடத்தில் அவள் போன் சார்ஜில் இருந்தது. என் மகள் போனை வைத்துவிட்டு எங்கேயும் போக மாட்டாள். வாசலில் அவள் செருப்பும் கிடந்தது. அதைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை. “வெறுங்காலோட எங்க போயிருப்பா?” என்றார்.

ஊர்க்கோடியில் ரோட்டின்மீது கேழ்வரகுக் கதிர் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த பெண்தான் சொன்னாள்:

“பட்டுத்துணியில சுத்திக்கிட்டு அந்தப் பாப்பாதானே? மலப் பக்கம் போச்சுங்க. எங்க கண்ணு தனியாப் போறேன்னேன். கோயிலுக்குன்னுச்சு. இந்தக் காட்டுலயான்னேன். எங்கம்மா இந்த வயசுல போயிருக்காங்க அக்கான்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போவுது.”

“எப்பங்க?”

“பள்ளிக்கோடம் விடற நேரம் இருக்கும்.”

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார். வெயில் அதன் உச்சியில் மட்டும் இருந்தது.

அது இப்போது காப்புக்காடு. நான் சிறுமியாக இருந்தபோதும் காடுதான், ஆனால் அப்போது யானை இந்தப் பக்கம் வந்ததாக யாரும் பேசிக் கேட்டதில்லை. இப்போது கேழ்வரகு முற்றும் மாதங்களில் காவிரிப் பக்கமிருந்து கூட்டமாக வந்துவிடுகின்றன. அண்ணனே கேழ்வரகுக் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருக்கிறார். பொழுது இறங்கினால் ஊரில் யாரும் மலையடிவாரத்துக்குப் போவதில்லை. இது எனக்குத் தெரியும். போனில் ஒவ்வொரு வாரமும் அண்ணி சொல்கிற செய்திதான். தெரிந்துகொண்டுதான் அத்தனை அழகாக வழி சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் வனத்துறை வாச்சருக்குப் போன் செய்தார். பக்கத்து ஊர்க்காரர், பைக்கில் சீக்கிரமே வந்துவிட்டார். அதற்குள் சின்னக் கோயிலின் முன்னால் ஊர் கூடிவிட்டது. உபதேசியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“நான்தான் கொடுத்தனுப்பினேன். அறுபது எழுபது வருசத்துச் சொரூபம். என் கையால கொடுத்தேன். சொரூபத்துக்கு எதுனா…” என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “அது கெடக்குது விடுங்க. புள்ள வரட்டும்.”

வாச்சர் நேராக என்னிடம் வந்தார்.

“எந்தப் பக்கம் போயிருக்கும்னு தெரியணுங்க. உள்ள நாலஞ்சு தடம் பிரியுது. நீங்க போன வழிதான் பாப்பா போயிருக்குது. அந்தப் புளியமரத்துல இருந்து சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?”

நான் அண்ணனைப் பார்த்தேன்.

“பதட்டப்படாம யோசிங்க. மரத்துக்கிட்ட நிக்கறீங்க. கோயிலுக்குப் போவணும். எந்தப் பக்கம் திரும்புனீங்க?”

அண்ணன் குறுக்கே வந்தார். “எத்தனையோ வருசம் ஆச்சுங்க. அதுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது?”

அண்ணனுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பால் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர். அத்தனை பேர் முன்னால் தங்கையின் மானம் போகாமல் இருக்க ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தார். நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். எழுதவே கூசுகிறது, ஒரு நிமிடம் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். மகள் காட்டுக்குள் இருக்கும்போதும் எனக்கு என் கதை பெரிதாக இருந்தது.

பிறகு சொன்னேன். “நான் நடக்கலீங்க.”

“என்னங்க?”

“நான் அந்த வழில போனதே இல்ல. சும்மா சொன்னேன். வேன்லதான் போனேன்.”

கேழ்வரகு அடித்த பெண்ணும் அங்கே வந்திருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பில்லை அது. வாச்சர்தான் முதலில் சுதாரித்தார்.

“சரிங்க. அப்ப பாப்பாகிட்ட என்னென்ன சொன்னீங்கன்னு சொல்லுங்க. அதைத் தேடிக்கிட்டுத்தானே அது போவும்?”

புளியமரம், ஓடை, சிலுவை போட்ட பாறை. மூன்றையும் சொன்னேன்.

“பாறை ஏது?” என்றார் உபதேசியார். “அதை ஒடச்சு ஜல்லியாக்கி ரோட்டுக்குப் போட்டுட்டாங்களே. அதுவும் இந்தப் பக்கம் இல்ல, மலைக்கு அந்தாண்ட செம்மண் ரோட்டுப் பக்கம்.”

“ஓடை?” என்று வாச்சர் கேட்டார். “கோயிலுக்குப் போற தடத்துல ஓடையே கெடையாதுங்களே. கீழ எறங்கினா ஒரு பள்ளம் இருக்குது. மழைத் தண்ணி நிக்கும்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனை அங்கதான் தண்ணிக்கு வரும்.”

அவர் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கே முதலில் போக வேண்டும் என்று யோசித்துச் சொன்னார். அவரும் அண்ணனும் இன்னும் சிலரும் டார்ச்சும் வெடியும் எடுத்துக்கொண்டு பள்ளத்தின் பக்கம் கிளம்பினார்கள். நானும் போகிறேன் என்றேன்.

“வேண்டாங்க. நீங்க உள்ள வந்தா உங்களையும் பாத்துக்கணும்” என்றார் வாச்சர். “செம்மண் ரோடு தார் ரோட்டுல சேர்ற எடத்துல போய் நில்லுங்க. தப்பி அந்தாண்ட எறங்கினா அங்கதான் வரணும்.”

அண்ணி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வருடா வருடம் அவர் வீட்டில் உட்கார்ந்து என் காலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவர் எப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டார் என்று கேட்டதில்லை.

முனையில் காரை நிறுத்தினோம். இருட்டத் தொடங்கியது. தூரத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு எரிந்தது. மலைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள் வெடிக்கிறார்களா, யானையை விரட்ட வெடிக்கிறார்களா? காதை எவ்வளவு தீட்டிக்கொண்டாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் நான் கார்க் கதவைத் திறந்தேன். அண்ணி ஒவ்வொரு முறையும் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“அண்ணி, உங்களுக்குத் தெரியுமா, நான் வேன்ல போனது?”

“தெரியாம என்ன? நான் கல்யாணமாகி வந்த மொத வருசமே உங்கம்மா சொல்லிட்டாங்க. வேன்ல நீ வாந்தி எடுத்து டிரைவர் சட்டையெல்லாம் பாழாப் போச்சாமே.”

“அப்புறம் ஏன் அண்ணி ஒரு நாளும் கேக்கல?”

“கேட்டா நீ சண்டைக்கு வருவ. அதுவுமில்லாம…” அண்ணி ஸ்டியரிங்கைத் துடைத்தார். “நல்லாத்தான் சொல்லுவ. ஓடை வந்தப்புறம் இன்னும் நல்லா இருந்துச்சு. நானே நின்னு கேட்டிருக்கேன்.”

இன்னொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அண்ணிக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். நான் அவரோடு சேர்ந்து சொல்லப் பார்த்தேன். பாதியில் வார்த்தைகள் நின்றுபோயின. சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம், நடுவில் ஒரு வரி எனக்குத் தெரியவில்லை.

கணவர் போன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“பேக்கரில நிக்கறேன். பாப்பாவுக்கு பிளம் கேக்கா, சாக்லேட்டா?”

“சாக்லேட்” என்றேன்.

“கொரல் ஒரு மாதிரி இருக்குது?”

“சிக்னல் இல்லீங்க” என்று வைத்துவிட்டேன். ஊர் முன்னால் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டுவிட்டு வந்து, சூடு ஆறுவதற்குள் இன்னொன்று. அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கிடைத்துவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிடைக்காவிட்டால் என்ற எண்ணத்தை முழுதாக நினைக்க முடியவில்லை. அவள் கால்தான் கண்ணுக்குள் நின்றது. முள்ளில் பழகாத கால். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போடுகிற பிள்ளை. நான் எத்தனையோ சொன்னேன், அவற்றில் ஒன்றைக்கூட அவள் விடவில்லையே! போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா சொல்வதைக் கேட்பதே இல்லை என்று நான் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்ட பிள்ளை.

இதை எழுதுகிற இன்று ஜனவரி பாதி கடந்துவிட்டது. குடிலைப் பிரித்துப் பெட்டியில் கட்டியாகிவிட்டது. அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னதை, சொல்ல வேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை. கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர், “அவகிட்ட நீயே சொல்லிடு. வேற யாராச்சும் சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது” என்றார். ஒவ்வொரு இரவும் அவள் அறைவரை போகிறேன். படித்துக்கொண்டிருப்பாள், அல்லது படம் வரைந்துகொண்டிருப்பாள். “என்னம்மா?” என்பாள். “பால் குடிச்சியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எழுதிப் பார்த்தால் சொல்ல வருமோ என்றுதான் உட்கார்ந்தேன்.

அன்றைக்குத் திரும்புகிறேன். வாச்சர் ஒருமுறை அண்ணிக்குப் போன் செய்தார். பள்ளத்தில் இல்லை, காலடி இருக்கிறது, ஈரம் காயவில்லை, அங்கிருந்து மேலே ஏறியிருக்கிறது என்றார். யானை இருக்கிறதா என்று நான் போனைப் பிடுங்கிக் கேட்டேன். “இருக்குதுங்க. மேட்டுல நிக்குது. நாங்க சத்தம் போடாம நிக்கறோம். நீங்க அங்கியே இருங்க” என்றார். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை.

பங்குக் கோயில் மணி அடித்தது. எல்லா ஊர்ச் சொரூபங்களும் வந்து சேர்கிற நேரம். பங்குச் சாமியார் உபதேசியாருக்குப் போன் செய்து, உங்கள் ஊர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். மணிச்சத்தம் கேட்டால் எந்தத் திசை என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு, மலைக்குள் மணிச்சத்தம் நாலாபக்கமும் மோதி வருமே என்று நினைத்தேன். நினைப்பதற்கு எல்லையே இல்லை.

செம்மண் ரோட்டின் திருப்பத்தில் வெளிச்சம் தெரிந்தது.

வண்டி வெளிச்சம்தான். ஆனால் வரவே இல்லை. மாட்டு வண்டிகூட அதைவிட வேகமாக வரும். ஊர்ந்து ஊர்ந்து வந்தது. “பிரேக்டவுன் ஆயிடுச்சோ?” என்றார் அண்ணி. நான் காரிலிருந்து இறங்கி ஓடினேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது. ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் ஓடினேன். அந்த வெளிச்சத்தின் நடுவில், வண்டிக்குப் பத்தடி முன்னால், கறுப்பாக ஓர் உருவம் நடந்து வந்தது. நொண்டி நொண்டி நடந்தது. இரண்டு கையும் நெஞ்சோடு இருந்தன.

வண்டி நின்றது. ஆடு ஏற்றும் சின்ன லோடு வண்டி. ஓட்டிவந்தவர் இறங்கினார். எங்கள் பக்கமெல்லாம் ஆடு வாங்கும் பென்னாகரத்து பாய்தான். கிறிஸ்மஸ் கறிக்காக மலையோரத்து ஊர்களில் ஆடு பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

“உங்க பொண்ணாம்மா இது?” என்றார். கோபமாகத்தான் கேட்டார். “நல்ல பொண்ணப் பெத்தீங்க. அந்த மேட்டாண்ட ரோட்டுல தனியா நிக்குது. அந்தாண்ட மூணு ஆனை நிக்குதும்மா! வண்டில ஏறு கண்ணுன்னு சொல்றேன், ஏற மாட்டேங்குது. தெரியாதவங்க வண்டில ஏறக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்களாம். நானும் பேத்தி எடுத்தவன், கெஞ்சிப் பாத்துட்டேன். அப்புறம் என்ன பண்றது? நீ முன்னால நட, நான் பின்னாலயே லைட்டுப் போட்டுக்கிட்டு வரேன்னேன். அங்கிருந்து இதே வேகத்துல வரோம். ஆடெல்லாம் என்னைத் திட்டுது.”

நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. மகளைப் பிடித்தேன். கன்னத்தில் முள் கீறியிருந்தது. பாதமெல்லாம் சேறும் ரத்தமும். சுடிதார்த் துப்பட்டாவைக் காணோம். அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் என்னை அழவிட்டாள். அண்ணி வந்து அவள் கையிலிருந்த சொரூபத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவளுக்குக் கை விடுபட்டது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி, என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்தது அதற்கு முன் கிடையாது. அவ்வளவு மரியாதை இருந்தது அந்தப் பார்வையில்.

“எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சும்மா” என்றாள். “நீ எப்படிம்மா இதுல தனியா வந்த?”